இரவில் வண்டி எங்கே நிற்கிறது?

2025 ஜூன் மாதம் டாடா நிறுவனம் ‘ஏஸ் புரோ’ என்ற சிறிய சரக்கு வண்டியை விற்பனைக்கு விட்டது. 2005-இல் வந்து ‘குட்டி யானை’ என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய டாடா ஏஸின் வழியில் வந்த வண்டி இது. 750 கிலோ லோடு ஏற்றலாம். ஒரே வண்டி மூன்று விதமாகக் கிடைக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பெட்ரோலில் ஓடுவது 3.99 லட்சம், பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் ஓடுவது 4.99 லட்சம், மின்சாரத்தில் ஓடுவது 6.50 லட்சம் என்று அறிமுக விலை சொன்னார்கள். எது நல்லது என்றுதான் வாங்கப்போகிறவர் முதலில் கேட்பார். அரசுக் கொள்கைகளும் பத்திரிகைகளும்கூட இதையேதான் கேட்கின்றன. டீசலை விட்டால் அடுத்து மின்சாரமா, எரிவாயுவா, ஹைட்ரஜனா என்று ஏதோ ஒன்று மட்டும் ஜெயிக்கப்போவதைப் போல விவாதம் நடக்கிறது. கேள்வியே இங்கே தவறான இடத்தில் கேட்கப்படுகிறது என்பது என் கருத்து. சரக்கு வண்டி தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறது, ஓடி முடித்து எங்கே வந்து நிற்கிறது, அந்தப் பாதையை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் எரிபொருள் எது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

மேலே சொன்ன வண்டியையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்சார வண்டியின் மின்கலம் 14.4 யூனிட் கொள்ளும். ஒரு சார்ஜில் 155 கிலோமீட்டர் என்று சோதனைச் சான்று சொல்கிறது. லோடும் நெரிசலும் வெயிலும் சேர்ந்த நகரச் சாலையில் 100 கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏற்றும்போது போகிற இழப்பையும் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்கு மீட்டரில் 17 யூனிட் ஓடும். யூனிட் 10 ரூபாய் என்றால் செலவு 170 ரூபாய். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்து, லிட்டர் 100 ரூபாய் விற்றால், அதே தூரத்துக்கு 555 ரூபாய். நூறு கிலோமீட்டருக்கு 385 ரூபாய் மிச்சம். இனி இரண்டு வண்டிகளைப் பாருங்கள். ஒன்று பார்சல் கம்பெனியின் குடோனிலிருந்து தினம் 80 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள் ஓடுகிறது. அது வருடத்துக்கு 92,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும். பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதலாகக் கொடுத்த 2.51 லட்சம் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். இன்னொன்று கல்யாண சீசனிலும் அறுவடைக் காலத்திலும் மட்டும் வாடகைக்குப் போகிறது, வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர்தான். அதற்கு மிச்சம் 23,000 ரூபாய். போட்ட பணம் திரும்ப 11 வருடம் ஆகும், வட்டி தனி. வண்டியும் மின்சாரமும் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். முதல் ஆளுக்கு இது லாபமான யோசனை. இரண்டாம் ஆளிடம் இதையே வற்புறுத்தினால் அவரைக் கடனில் தள்ளியவர்கள் ஆவோம்.

பார்சல், பால், பிரெட், கேஸ் சிலிண்டர், மளிகை என்று வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. காலையில் ஒரே குடோனிலிருந்து கிளம்பும், நூறு இடத்தில் நிற்கும், மாலையில் அதே இடத்துக்குத் திரும்பும். இன்ஜின் பார்வையில் இதைவிட மோசமான வேலை இல்லை. சிக்னலில் நிற்கும்போதும் எரிபொருள் எரிகிறது. கிளம்பும்போது கூடுதலாக எரிகிறது, பிரேக் பிடிக்கும்போது அந்தச் சக்தி முழுவதும் பிரேக் கட்டையில் சூடாகி வீணாகிறது. மின்மோட்டார் நிற்கும்போது எதையும் இழுப்பதில்லை. பிரேக் பிடிக்கையில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கித் திருப்பி மின்கலத்துக்கு அனுப்பிவிடுகிறது. அதனால் நெடுஞ்சாலையைவிட நெரிசலான தெருவில்தான் மின்சார வண்டியின் சிக்கனம் பளிச்சென்று தெரிகிறது. இரவில் வண்டி ஒரே கூரையின் கீழ் நிற்பதால் சாலையோரச் சார்ஜ் நிலையத்தைத் தேட வேண்டியதும் இல்லை. 14.4 யூனிட் மின்கலத்தை நிரப்ப, கிரைண்டருக்கும் கீஸருக்கும் போடுகிற 15 ஆம்பியர் சாக்கெட் போதும். கணக்குப்படி ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. இங்கிலாந்தில் 1930-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வீட்டு வாசலுக்குப் பால் கொண்டுவந்தவை மின்சார வண்டிகள். நம் இன்வெர்ட்டர்களில் இருக்கும் அதே ஈய-அமில பேட்டரி, வேகம் மிகக் குறைவு, ஓடும் தூரமும் குறைவு. இருந்தும் அவை காரியத்துக்குப் பொருந்தின. பால்காரரின் சுற்று தினமும் ஒன்றே, விடியுமுன் சத்தமில்லாமல் போக வேண்டும், சுற்று முடிந்தால் பண்ணைக்கே திரும்பிவிடும். பின்னால் அவை குறைந்ததற்கு பேட்டரி காரணமில்லை. வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வந்தது, சூப்பர் மார்க்கெட்டில் பால் மலிவாகக் கிடைத்தது, வீட்டுக்குக் கொண்டுவரும் வியாபாரமே சுருங்கியது. இப்போது அந்த வியாபாரம் கைப்பேசி வழியாகப் பல மடங்காகத் திரும்பியிருக்கிறது. பேட்டரியும் அன்றைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு தேறியிருக்கிறது. ஜெர்மனியின் தபால் நிறுவனமான டாய்ச்செ போஸ்ட், தன் சுற்றுக்குப் பொருந்தும் மின்வண்டியை வாகனக் கம்பெனிகள் செய்து தராததால், ஆகன் நகரில் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஸ்ட்ரீட்ஸ்கூட்டர் என்ற சிறு நிறுவனத்தை 2014-இல் விலைக்கே வாங்கித் தானே வண்டி கட்டிக்கொண்டது. வண்டி தயாரிக்கும் தொழில் அதற்குக் கட்டுப்படியாகவில்லை, 2022-இல் அதை விற்றுவிட்டது. தபால் பட்டுவாடாவுக்கு மின்வண்டி ஓட்டுவதை மட்டும் அது விடவில்லை. தயாரிப்பில் நட்டப்பட்ட நிறுவனமே பயன்பாட்டில் அதைத் தொடர்ந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் யு.பி.எஸ். பார்சல் நிறுவனத்தின் அனுபவம் இன்னும் பலவிதமானது. 1930-களிலேயே நியூயார்க்கில் மின்வண்டி ஓட்டியிருக்கிறார்கள். பிறகு புரொபேன், சி.என்.ஜி., எல்.என்.ஜி. என்கிற திரவமாக்கிய இயற்கை எரிவாயு, சாண எரிவாயு, ஹைட்ராலிக் ஹைப்ரிட் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இத்தனை சோதனைக்குப் பிறகும் அவர்கள் ஒரே எரிபொருளில் போய் நிற்கவில்லை. நெடுந்தூர லாரிகளுக்கு எரிவாயு, நகரச் சுற்று வண்டிகளுக்கு மின்சாரமும் புரொபேனும் என்று வேலையைப் பார்த்துப் பிரித்தார்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2020 ஜனவரியில் அவர்கள் அரைவல் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் 10,000 மின்வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அந்த ஆர்டர் நிறைவேறாமலே 2024-இல் அரைவல் திவாலானது. யு.பி.எஸ். அளவு நிறுவனம் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு வண்டி வைத்துப் பிழைப்பவர் தாங்கமாட்டார். புது நிறுவனத்தின் வண்டியை வாங்கி, இரண்டு வருடத்தில் உதிரிபாகம் கிடைக்காமல் போனால் அவர் கதி என்ன? சிறு உரிமையாளர்கள் புது எரிபொருளை எட்ட நின்று பார்ப்பதை அறியாமை என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நகரத்தைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. நாமக்கல்லிலிருந்து வடக்கே போகும் லாரி திரும்பி வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம். எங்கே லோடு கிடைக்கும், அடுத்து எந்த ஊர் என்பது புக்கிங் ஆபீஸ் போன் வந்த பிறகுதான் தெரியும். பெரிய லாரி கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் இழுக்கிறது என்றால், இடையில் சார்ஜ் இல்லாமல் 500 கிலோமீட்டர் போக 650 யூனிட் வேண்டும். ஒரு யூனிட்டைத் தேக்கி வைக்க ஆறேழு கிலோ எடை ஆகும் என்று வைத்தால் மின்கலம் மட்டும் நான்கு டன்னைத் தாண்டுகிறது. இன்ஜினும் டீசல் டேங்கும் போன எடையைக் கழித்தாலும் இரண்டு டன்னுக்கு மேல் லோடு குறையும். அந்த லோடுதான் உரிமையாளரின் லாபம். இங்கே எல்.என்.ஜி.க்கு ஒரு நியாயம் இருக்கிறது. இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, பருமன் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதனால் ஒரே டேங்கில் நெடுந்தூரம் போக முடிகிறது. எண்ணூரில் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் தொடங்கிய முனையத்துக்கு வருடம் 50 லட்சம் டன் எல்.என்.ஜி. இறக்கும் திறன் இருக்கிறது. புகையில் நுண்துகள் மிகக் குறைவு, கரியமில வாயுவும் டீசலைவிடச் சற்றுக் குறைவு. இதைப் பசுமை எரிபொருள் என்று விளம்பரம் செய்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். இருபதாண்டு அளவில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிறது. கிணற்றிலிருந்து டேங்க் வரை சில சதவீதம் கசிந்தாலே கிடைத்த நன்மை கரைந்துவிடும். வேறு வழி இல்லாத தூரத்துக்கு ஓர் இடைக்கால ஏற்பாடாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். கனரக லாரியிலும் பாதை நிச்சயமான இடங்கள் உண்டு. துறைமுகத்துக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் இடையே, சுரங்கத்துக்கும் சிமென்ட் ஆலைக்கும் இடையே ஒரே ரூட்டில் வண்டி போய்வருகிறது. அங்கெல்லாம் பெரிய லாரியும் மின்சாரத்துக்கு மாறலாம், சில இடங்களில் மாறத் தொடங்கியும் இருக்கிறது.

விளைபொருளிலிருந்து எரிபொருள் என்ற ஆசைக்கு நம் ஊரிலேயே கசப்பான ஒரு முன்கதை உண்டு. 2003-இல் மத்திய அரசு காட்டாமணக்கை நம்பி பயோடீசல் திட்டம் வகுத்தது. 2011-12-க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வரும் என்றார்கள். தரிசிலும் தண்ணீரில்லாமலும் வளரும் என்று சொல்லித் தமிழ்நாட்டு விவசாயிகளிடமும் கன்றுகளைக் கொடுத்தார்கள். செடி வளர்ந்தது உண்மை, எதிர்பார்த்த காய்ப்பு இல்லை. பலர் அதைப் பிடுங்கிவிட்டுப் பழைய வெள்ளாமைக்கே திரும்பினார்கள். இன்றும் நாட்டின் டீசலில் பயோடீசல் ஒரு சதவீதத்தை எட்டவில்லை. கழிவிலிருந்து எடுப்பதுதான் இதில் உருப்படியான வழி. நாமக்கல் அருகே புதுச்சத்திரத்தில் கோழி எருவும் சர்க்கரை ஆலைக் கழிவும் போட்டு அழுத்தப்பட்ட சாண எரிவாயு தயாரித்து, 2020-இல் பங்க் வழியாக விற்கத் தொடங்கினார்கள். கோழிப் பண்ணையும் லாரித் தொழிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான எரிபொருளை யோசிக்க முடியவில்லை. வெளியில் வீணே போகவிருந்த மீத்தேன் இன்ஜினில் எரிந்துவிடுகிறது, எரு கடைசியில் வயலுக்கே போகிறது. எரு கிடைக்கும் அளவுக்குத்தான் எரிவாயு கிடைக்கும், நாட்டின் எல்லா லாரிக்கும் அது போதாது. நாமக்கல் வட்டாரத்தின் முட்டை வண்டிகளுக்கும் தீவன வண்டிகளுக்கும் போதுமானால் அதுவே பெரிய காரியம். ஹைட்ரஜனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகிறது. வண்டிக்குள் அதை மீண்டும் மின்சாரமாக்கினால் கிடைப்பது 17 யூனிட் அளவு. அதே 50 யூனிட்டை நேராக மின்கலத்தில் ஏற்றினால் 40 யூனிட்டாவது சக்கரத்துக்குப் போய்ச் சேரும். நகரப் பட்டுவாடா வண்டிக்கு அது வேண்டாத சுற்றுவழி.

எரிபொருளை மாற்றச் சொல்லிவிட்டு அதைக் கொடுக்க ஏற்பாடு செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று தில்லி காட்டியிருக்கிறது. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்நகரப் பேருந்துகள் எல்லாம் 2001 மார்ச்சுக்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. மாற்றம் 2002 கடைசியில்தான் நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் கேஸ் பங்க் வாசலில் ஆட்டோக்களும் பேருந்துகளும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. வரிசையில் நின்ற ஆட்டோக்காரரின் அன்றைய சம்பாத்தியத்துக்கு யாரும் ஈடு தரவில்லை. ஆணை சரியானதுதான், தில்லி அதனால் நன்மை அடைந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் மாற்றத்தின் விலையை வரிசையில் நின்றவர்களே கொடுத்தார்கள். குடோனுக்குத் திரும்பும் வண்டிகளிலிருந்து தொடங்கினால் இந்தச் சிக்கல் பெரிதும் குறைகிறது. ஊர் முழுக்கச் சார்ஜ் நிலையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, குடோனுக்குள் இணைப்பு கொடுத்தால் போதும்.

மின்வண்டிக்கு எதிராக வலுவாகச் சொல்லப்படுவது நிலக்கரி. நம் நாட்டு மின்சாரத்தில் முக்கால் பங்கை ஒட்டி நிலக்கரியிலிருந்து வருகிறது, அப்படியானால் புகையைத் தெருவிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு மாற்றியதுதானே நடந்தது என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்குப் பார்த்தால் பதில் நாம் விரும்பும் அளவுக்குச் சாதகமாக இல்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நாட்டுச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கம்பி இழப்பையும் சேர்த்து நம் ஏஸ் புரோவுக்குக் கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் என்று வைத்தால் 140 கிராம். பெட்ரோல் வண்டி கச்சா எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது எல்லாம் சேர்ந்து கிலோமீட்டருக்கு 150 கிராம் அளவில் வரும். இன்றைய தேதியில் கிட்டத்தட்ட சமம். கரியமில வாயு ஒன்றை மட்டும் சொல்லி மின்வண்டியை விற்கிறவர்கள் இதை ஒளிக்கக் கூடாது. ஆனால் இந்தச் சமம் நிலையானது அல்ல. காற்றாலையும் சூரியத் தகடும் கூடக் கூட, இன்று வாங்கிய அதே மின்வண்டி ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகிக்கொண்டே போகும். பெட்ரோல் வண்டி பழசாகப் பழசாக இன்னும் புகை கக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் இரவெல்லாம் சுற்றும் மாநிலம் இது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டாம் லோடுக்கு குடோன் திரும்பும் வண்டிக்கு அந்த இடைவேளையிலேயே சார்ஜ் ஏற்றினால் சூரிய மின்சாரமும் கைகொடுக்கும். கரியமில வாயுவை ஒதுக்கி வைத்தாலும் தெருவில் நாம் மூச்சாக இழுக்கும் நுண்துகள் என்று ஒன்று இருக்கிறது. நிதி ஆயோக்கின் 2022 அறிக்கைப்படி நாட்டின் வாகனங்களில் லாரிகள் 3 சதவீதம்தான், வாகனங்கள் கக்கும் நுண்துகளிலோ 53 சதவீதம் அவற்றுடையது. 2022-இல் 40 லட்சமாக இருந்த அவற்றின் எண்ணிக்கை 2050-க்குள் 1.7 கோடியாகும் என்கிறது அதே அறிக்கை. பள்ளிக்கூட வாசலில் புகை விடுவதும் ஊருக்கு வெளியே உயரமான புகைபோக்கியில் விடுவதும் ஒன்றல்ல. அனல்மின் நிலையத்தின் அக்கம்பக்கத்து ஊர்களுக்கு இதைச் சமாதானமாகச் சொல்ல முடியாது என்பதும் உண்மைதான், அங்கே வடிகட்டும் கருவிகளைப் பொருத்தச் சொல்லும் கோரிக்கையை விட்டுவிடக் கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று, இந்த மாற்றத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பது. அமேசான் 2025-க்குள் இந்தியாவில் 10,000 மின்வண்டி என்றும், ஃபிளிப்கார்ட் 2030-க்குள் 25,000 என்றும் அறிவித்தன. அறிவிப்புகள் வரவேற்கத்தக்கவை. இந்தத் தொழிலில் சரக்கை அனுப்பும் நிறுவனம் ஒன்று, வண்டிகளை ஏற்பாடு செய்யும் ஒப்பந்தக்காரர் இன்னொருவர், கடன் வாங்கி வண்டியைச் சொந்தமாக வைத்திருப்பவர் பல நேரம் ஓட்டுநரே. எத்தனை வீடு, எந்தத் தெரு, தினம் எத்தனை கிலோமீட்டர் என்று முடிவுசெய்வது நிறுவனத்தின் கணினி. அந்த எண்ணிக்கை 80-ஆ 20-ஆ என்பதைப் பொறுத்துத்தான் போட்ட பணம் மூன்று வருடத்தில் திரும்புகிறதா 11 வருடத்தில் திரும்புகிறதா என்பது இருக்கிறது. பாதையைத் தீர்மானிப்பவர் ஒருவர், அந்தப் பாதையால் வரும் லாப நட்டத்தைச் சுமப்பவர் வேறொருவர். ஓட்டுநர் வாடகை வீட்டில் இருப்பவர் என்றால் ராத்திரி சார்ஜ் போடச் சாக்கெட்டும் இல்லை, வீட்டுக்காரர் விடமாட்டார். பழைய மின்வண்டிக்கு நல்ல மறுவிற்பனைச் சந்தை இன்னும் உருவாகாததால் ஃபைனான்ஸ் கம்பெனி வட்டியையும் கூட்டிக் கேட்கிறது. மின்வண்டிக்கு மாற மாட்டேன் என்று அவர் சொன்னால் அது சரியான முடிவுதான்.

அரசின் பணமும் இந்த இடத்துக்கு வரவில்லை. 2024-இல் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டம் 10,900 கோடி ரூபாய்க்கானது. அதில் மின்லாரிகளுக்கு 500 கோடி ஒதுக்கி, ஒரு லாரிக்கு 9.6 லட்சம் வரை மானியம் என்று 2025 ஜூலையில் விதிகள் வந்தன. அது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு மட்டும். மாற்றம் மிக எளிதாக நடக்கக்கூடிய நான்கு சக்கரக் குட்டி யானைக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. பெரிய லாரிக்குக் கொடுத்ததைப் பிடுங்க வேண்டாம், சின்ன வண்டியையும் சேர்க்க வேண்டும். பணம் செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. 2021-இல் தில்லி அரசு, சரக்கு வண்டிகள் குறிப்பிட்ட நேரத்தில் நுழையக் கூடாத சுமார் 250 சாலைகளில் சிறிய மின்சரக்கு வண்டிகளுக்கு அந்தத் தடையை நீக்கியது. காலையிலும் மாலையிலும் நுழைய முடிந்தால் ஒரே நாளில் ஒரு டிரிப் கூடுதலாக அடிக்கலாம், மேலே போட்ட கணக்கில் கிலோமீட்டர் கூடும், கடன் சீக்கிரம் அடையும். சென்னையும் கோயம்புத்தூரும் இதைச் செய்ய ஒரு காவல் துறை அறிவிப்புக்கு மேல் எதுவும் தேவையில்லை. சரக்கு அனுப்பும் நிறுவனங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஓட்டுநர் கட்டும் தவணை நான்கைந்து வருடம் ஓடுகிறது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய ஒப்பந்தத்தை நம்பி அவர் அந்தக் கடனில் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே தவணைக் காலத்துக்கு ஒப்பந்தமும் நீள வேண்டும், வருடத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்ற உத்தரவாதமும் அதில் எழுதப்பட வேண்டும். சார்ஜ் ஏற்றும் இணைப்பு நிறுவனத்தின் குடோனில், நிறுவனத்தின் செலவில் இருக்க வேண்டும். வண்டி யார் பெயரில் இருந்தாலும் இரவில் அது அங்கே நின்றுகொள்ளலாம் என்ற உரிமையும் ஓட்டுநருக்கு எழுத்தில் கிடைக்க வேண்டும்.